கம்பியில்லாக் கருவியா, கலமியங்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டறைக் கருவிகளுக்கான நம் சொற்பட்டியலில் வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுபவற்றைக் குறிக்கும் ‘கார்ட்லெஸ்’ என்பதற்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான் நிற்கிறது. கம்பியில்லாக் கருவி, வடமில்லாக் கருவி, மின்கலக் கருவி என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் ஒரு மாதமாக என் வீட்டுப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபிறகே எழுதுகிறேன். பல வருடங்களாகக் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் ஓடும் கருவிகளையே வைத்திருந்தேன். இப்போது பாதிக்கு மேல் பேட்டரிக்கு மாறிவிட்டேன். இந்தச் சொல் எனக்குத் தினமும் தேவைப்படுகிறது.

> ‘கம்பியில்லா’ எல்லோருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

தெரிந்த சொல்தான், ஆனால் வேறு பொருளில். கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்தே அது வானொலி அலைக்கு உரியதாகிவிட்டது. விசையை அழுத்தியதும் தூசு உறிஞ்சியை அலைவழியே தானாக ஓடவைக்கும் பேட்டரி ரம்பங்கள் இன்று இருக்கின்றன. அதைக் ‘கம்பியில்லாத் தொடர்புள்ள கம்பியில்லா ரம்பம்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது, இரண்டும் குழம்புகின்றன.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் துளைப்பானைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கையில் பிடிக்கும் மின்துளைப்பான் என்றால் சுவரிலிருந்து வயர் வரும். வயர் போனது புதுமை, அதனால் ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் வந்தது. காற்றுக் கருவியில் வயர் எப்போது இருந்தது? அதன் வாலில் இருப்பது குழாய். கம்பியில்லாதது எது என்று கேட்டால், என் பழைய காற்று நட் கழற்றியும் கம்பியில்லாததுதான்!

பேட்டரிக்கு மாறியதில் என்னை விட்டுப்போனது அந்தக் குழாய்தான். ஒரு போல்ட்டைக் கழற்றக் கம்ப்ரசரைப் போட்டு, தொட்டி நிரம்பும்வரை அந்த இரைச்சலில் நின்று, சுருளைப் பிரித்து, கருவியின் காற்று வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மாட்டி அழுத்த வேண்டும். திரும்பினால் குழாய் மேசை ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூ டப்பாவைத் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். காற்றை அழுத்திச் சூடாக்கிப் பிறகு ஆறவிட்டால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கும். அதை வடிக்காமல் விட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். இத்தனையும் அந்த ஒரு போல்ட்டுக்காக.

அடுத்து ‘வடமில்லா’. வடம் நல்ல சொல். ஆனால் இதிலும் ‘இல்லா’தான் நிற்கிறது. இல்லாததைச் சொல்லி ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரில் எதுவும் வந்து அடையும். உளிக்கு வடம் உண்டா? இழைப்புளிக்கு உண்டா? கைரம்பத்துக்கு உண்டா?

மின்கலக் கருவி என்ற பரிந்துரைதான் இலக்குக்கு மிக அருகில் வந்தது. இருப்பதைச் சொல்கிறது. முதல் வாரம் அதற்கே என் வாக்கு என்று நினைத்திருந்தேன். தனித்தனிக் கருவிகளின் பெயரோடு சேர்த்தபோதுதான் இடித்தது. மரத் துளைப்பான் என்றால் மரத்தைத் துளைப்பது. அப்படியானால் மின்கலத் துளைப்பான்? லித்தியம் கலத்தைத் துளைத்தால் தீப்பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அப்படி ஒரு பொருள் தரும் சொல்லைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? எதனால் ஓடுகிறது என்பதைச் சொல்ல ‘இயங்கு’ நம்மிடம் தயாராக இருக்கிறது. தானியங்கி எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அதே அச்சில் காற்றால் இயங்குவது காற்றியங்கி, கலத்தால் இயங்குவது கலமியங்கி. கருவியோடு சேர்க்கும்போது காற்றியங்கு துளைப்பான், கலமியங்கு துளைப்பான். ‘இயக்கி’ என்று வல்லினமாக்கிவிடக் கூடாது. கலமியக்கி என்றால் கலத்தை இயக்குவது என்று பொருள் தலைகீழாகிவிடும்.

இலக்கணம் அறிந்தவர்கள், மரம் + அடி மரவடி ஆவதுபோல இங்கே கலவியங்கி என்றல்லவா வரவேண்டும் என்பார்கள். விதி அதுதான். ஆனால் ‘கலவி’ என்று கண் முதலில் பிரித்துப் படித்துவிடும். பட்டறையில் பிள்ளைகளும் இருப்பார்கள். மகரத்தை விட்டுவைப்பதே நல்லது. ‘கலவிசைக் கருவி’ என்று ஒருவர் எழுதியிருந்ததையும் இதனாலேயே ஏற்க முடியவில்லை.

> காற்றில் ஓடுவதைக் குறிக்கும் நியூமேடிக் என்பதற்கு ‘வளி’தானே முறை?

வளிமண்டலம், சூறாவளி என்று வளி உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வளிமம் என்பது வாயுவுக்குப் போய்விட்டது, எரிவாயுக் குப்பியில் ஓடும் ஆணி அடிப்பான்களும் சந்தையில் இருக்கின்றன. வளியியங்கி என்றால் அதையும் நினைக்க இடமுண்டு. தவிர, பட்டறையில் யாரும் ‘வளியைத் திற’ என்று சொல்வதில்லை. ‘காற்றைத் திற’ என்கிறோம். அதையே எடுத்துக்கொள்வோம்.

‘கலம்’ என்று தனியாக விட்டால் பாத்திரமும் கப்பலும் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் நியாயமானது. விண்கலம், சூரியக்கலம், எரிபொருள் கலம் என்று எத்தனையோ இடங்களில் முன்னால் நிற்கும் சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. இங்கே பின்னால் நிற்கும் ‘இயங்கி’ தீர்க்கும். பட்டியலில் மின்கலமியங்கி என்று முழு வடிவத்தையும் தரலாம், பேச்சில் தானே சுருங்கிக்கொள்ளும்.

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான். ‘அந்தக் கலமியங்கியை எடு’ என்றேன், வேறு விளக்கம் சொல்லவில்லை. அலமாரியில் பார்த்துவிட்டு, ‘மாமா, இதுக்கு ஒரு கலம் போதுமா, ரெண்டு வேணுமா?’ என்று கேட்டான். சொல்லை அவனே பிரித்து, உள்ளே இருந்த பகுதியை எடுத்துத் தனியாகப் பயன்படுத்திவிட்டான். இதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை.

ஆனால் அவன் ‘கலம்’ என்றது கைப்பிடிக்குக் கீழே மாட்டும் முழுப் பெட்டியை. அதனுள்ளே இருப்பவை பல கலங்கள். 3.6 வோல்ட் கலங்கள் ஐந்தை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுதாக ஏற்றிய நிலையில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் அதையே 20 வோல்ட் என்று சிலர் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கவே உள்ளிருக்கும் ஒற்றைக்கும் வெளியே இருக்கும் தொகுப்புக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். கலம், கலப்பொதி என்று வைத்துக்கொள்ளலாமா? கருவி தன் எரிபொருளைத் தானே சுமக்கிறது, சுமப்பது பொதி. அந்த எடை மணிக்கட்டில் தெரிகிறது.

காற்றியங்கி என்ற சொல் பழம்பொருள் பட்டியலுக்குப் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாயம் தெளிக்க, டயருக்குக் காற்று அடிக்க, மணிக்கணக்கில் தேய்க்க எனக்குக் கம்ப்ரசர் இன்னும் வேண்டும். தொடர்ந்து தேய்த்தால் கலமியங்கி சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்ளும். காற்றியங்கியோ உள்ளே விரியும் காற்றால் குளிர்ந்து, விரல் விறைக்கும் அளவுக்குச் சில்லிடும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் புழங்குபவருக்கு இரண்டு பெயரும் வேண்டும்.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. சுவர் மின்சாரத்தில் ஓடும் பழைய வகையை என்ன சொல்வது? மின்னியங்கி என்றால் கலமியங்கியும் அதில் அடங்கிவிடும். வடமியங்கி சரியில்லை, வடம் அதை ஓட்டவில்லை, மின்சாரத்தைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். வடமின் கருவி என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. இதற்கு ஒரு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள். அதுவரை அந்த வரியைக் காலியாகவே விட்டு, காற்றியங்கி, கலமியங்கி, கலப்பொதி மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன்.