எந்த ராமநாதன்?

ஜெராக்ஸ் கடை, ராமேஸ்வரம்:

எங்கள் ஊரில் ராமநாதன் என்றால் முதலில் சாமி. அப்புறம் தெருவுக்கு நாலு பேர். அதனால்தான் அந்தப் பெரியவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள். கடையில் ஆதார் ஜெராக்ஸுக்கு வரிசை நிற்கிறது. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈர வேட்டியோடு நேராக உள்ளே வந்தார். "ராமநாதன் படம் ஒண்ணு பெரிசா எடுத்துத் தர முடியுமா?" என்றார். பேச்சில் பாலக்காட்டுச் சாயல். நான் வழக்கமாக எடுத்துக் கொடுக்கிற சுவாமி அம்பாள் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். "சுவாமி இல்லை, பாடின ராமநாதன்" என்றார். "சினிமாவா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, அந்த மெஷினின் இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு கீழே இறங்குகிற குரலை நான் கேட்டதில்லை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, காலடியில் சின்னக் குட்டை மாதிரி தேங்கி நின்றது. வரிசையில் ஒருத்தர் "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நான், "ஐயா, சாயங்காலம் வாங்க, தேடி வைக்கிறேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். வரவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் தேடினேன். எம்.டி. ராமநாதன், கர்நாடக சங்கீதம் பாடியவர். பாலக்காடு பக்கம் மஞ்சப்ராவில் 1923-ல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் பாடம் சொன்னவர். எல்லாரும் ஓடுகிற இடத்தில் நின்று நிதானமாகப் பாடுவார் என்று போட்டிருந்தது. படத்தை ஏ3 தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் கடையில்தான் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஒரு பெயரில் தடுக்கி விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

டீச்சர், மண்டபம்:

எனக்கு இருக்கிறது. 1990-ல் இலங்கையிலிருந்து அகதிகள் படகு படகாக வந்து இறங்கிய சமயம். முகாமில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போவேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். பெயர், வயது, கல்வி.

ஒரு அம்மம்மா, எழுபது வயது இருக்கும், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே அவர் பெயருக்கு நேரே "கல்வி: இல்லை" என்று எழுதிவிட்டேன். வெயிலில் காய்ந்த முகத்தையும் கந்தல் சேலையையும் பார்த்து நானே முடிவு செய்துகொண்டேன். அதை அவர் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, நான் இராமநாதனிலை படிச்சனான்" என்றார். எனக்குப் புரியவில்லை. "ராமநாதபுரத்துலயா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே "இல்லை" என்பதை அடித்து "ராமநாதபுரம்" என்று எழுதினேன். அவர் என் கையிலிருந்து பென்சிலை மெதுவாக வாங்கினார். "புரம்" என்பதை மட்டும் ஒரே கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் "ன் கல்லூரி" என்று எழுதினார். அந்தக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பத்து வருஷம் கரும்பலகையில் எழுதிய என் எழுத்து அப்படி வராது.

இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-ல் பெண் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கல்லூரி அது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர் மனைவிதான் அதை நடத்தினார். அதே இராமநாதன் ஆண் பிள்ளைகளுக்குக் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவரிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்டியிலிருந்து:

டீச்சரம்மா எழுதியதைப் படித்தேன், மனசு கனத்துப் போனது. ஆனால் பொன்னம்பலம் இராமநாதனை முழுசாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் கட்டினார், உண்மை. இலங்கையின் ஆட்சி முறையை மாற்ற வந்த பிரிட்டிஷ் டொனமூர் குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்றபோது அதை எதிர்த்து நின்றவரும் அவர்தான். கூலி வேலை செய்கிறவனும் அவன் பெண்டாட்டியும் ஓட்டுப் போடக்கூடாது என்கிற பக்கம் நின்றவரைப் பெரிய மனிதர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

எங்கள் தாத்தாவின் பெயரும் ராமநாதன்தான். சாமி இல்லை என்பவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அக்கினி தீர்த்தக் கரையில் ஒரு குருக்கள் அவரிடம், "இந்தப் பேரை வச்சுண்டு இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். தாத்தா கோபப்படவில்லை. "பெரியாரோட 1932-ல ரஷ்யாவுக்குப் போன எஸ். ராமநாதனுக்கும் இதுதான் பேரு. அவர் மாத்திக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்க நடந்தார். அந்த எஸ். ராமநாதன் பின்னால் காங்கிரசுக்குப் போய் 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியாக இருந்தார் என்று பெரியவனான பிறகுதான் படித்தேன். தாத்தாவுக்கு அது தெரிந்திருக்கும். என்ன நினைத்தார் என்று கேட்க அவர் இப்போது இல்லை.

டீச்சர், மண்டபம்:

ஐயா, நீங்கள் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. 1915-ல் இலங்கையில் நடந்த சிங்களர்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிறையில் கிடந்த சிங்களத் தலைவர்களுக்காகக் கப்பலேறி லண்டன் போய் வாதாடியவரும் அவர்தான். திரும்பி வந்தபோது அவர் வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள். எல்லாம் ஒரே ஆள். ஆனால் நான் எழுதியது அவரைப் பற்றி இல்லை, அந்த அம்மம்மாவைப் பற்றி.

கீழக்கரைவாசி:

பள்ளிகளுக்கு இடையே வினாடி வினா. நான் மதிப்பெண் எழுதுகிறவன். எந்தப் பள்ளி என்று வேண்டாம். கேள்வி இது: "1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன தமிழர் யார்?" ஏழாவது படிக்கும் ஒரு பையன் எழுந்து "கிருஷ்ணன்" என்றான். கேள்வி கேட்டவர் கையில் இருந்த அட்டையில் "ராமநாதன்" என்று மட்டும் இருந்தது. தவறு என்றார். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அந்த அணிப் பிள்ளை "ராமநாதன்" என்று சொல்லி பத்து மதிப்பெண் வாங்கியது.

ராமநாதன் என்பது கிருஷ்ணனுடைய அப்பா, டி.கே. ராமநாதன். அவரும் டென்னிஸ் ஆடியவர், மகனுக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். அரையிறுதிக்குப் போனவர் கிருஷ்ணன். 1960-ல் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருஷம் ராட் லேவரிடமும் தோற்றார், அவர்கள் இரண்டு பேரும்தான் அந்தந்த வருஷம் கோப்பையை வாங்கினார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் பையன் நேராக என்னைத்தான் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ! நான் குனிந்து எதிர் அணிக்குப் பத்து என்று எழுதினேன்.

தேவிபட்டினம், இப்போது தோஹா:

கீழக்கரை அண்ணன் சொன்னதுதான் என் கதையும். என் அப்பா பெயர் ராமநாதன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அது குடும்பப் பெயர் கட்டத்தில் விழுந்தது. பதினோரு வருஷமாக இங்கே நான் மிஸ்டர் ராமநாதன். அப்பா இறந்துவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் சைட்டின் அந்தக் கோடியிலிருந்து "ராமநாதன், ராமநாதன்" என்று என்னைத்தான் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

அதனால் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். இனிஷியலை எப்படி விரிக்கப் போகிறீர்கள் என்பதைப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். அதே எழுத்து, அதே வரிசை, ஆதாரிலும் பள்ளிச் சேர்க்கையிலும் இருக்கட்டும். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்னால் பள்ளியில் கையெழுத்துக்குக் கொடுப்பார்கள். அந்த நாளில் அப்பாவோ அம்மாவோ நேரில் போய் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். மார்க் ஷீட் வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் இடத்தில் 'ராமநாதன்', இன்னோர் இடத்தில் 'ராம்நாதன்' என்று ஒலிக்கிற மாதிரி ஓர் எழுத்துக் கூடிக் குறைந்தால்கூட விசாவில் நிறுத்துவார்கள். சில நாடுகள் ஒற்றைப் பெயரை ஏற்பதில்லை, அதனால் குடும்பப் பெயர் கட்டத்தைச் சும்மா விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஏற்கெனவே தவறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் குறுக்கு வழியில் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை ஊரில் வையுங்கள்.

படகு, பாம்பன்:

தம்பி சொன்னது எல்லாம் நல்ல யோசனை. நான் கேள்விக்கு வருகிறேன்.

2016 கோடை. ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேரைக் குருசடைத் தீவுப் பக்கம் கூட்டிப் போனோம். படகு என் சித்தப்பாவுடையது. நாங்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்போம், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்போம். அன்றைக்கு ஆண் கடலும் அலையே இல்லாமல் தகடு மாதிரி கிடந்தது. மாஸ்க் போட்டு இறங்கிய பையன் சீக்கிரமே மேலே வந்து, "எல்லாம் வெளுத்திருச்சு" என்றான். நானும் முங்கிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பழுப்பும் பச்சையுமாகப் பார்த்த மான்கொம்புப் பவளம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. மீன் அதற்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

படகில் ஏறியதும் ஒருத்தன், "தண்ணி சூடானா பவளம் இப்படித்தான் வெளுக்கும். பூமி சூடாகும்னு ராமநாதன் 1975-லயே சொல்லிட்டாரு" என்றான். இன்னொருத்தன், "அவர் ஓசோன் ஆளுடா, 1984-லயே இறந்துட்டாரு" என்றான். இரண்டு பேரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வெவ்வேறு ஆளைப் பேசுகிறார்கள் என்று புரியவே நேரம் பிடித்தது. ஒருவர் கே.ஆர். ராமநாதன். சி.வி. ராமனின் மாணவர். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்கி, திரவத்தில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ராமன் ஆராய்ந்தபோது, 1923-ல் தண்ணீரில் ஒரு மங்கலான வேற்று ஒளியை முதலில் கண்டவர். பின்னால் ஓசோனை ஆராய்ந்தார். ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். இன்னொருவர் வீரபத்ரன் ராமநாதன். படிப்பு முடிந்ததும் குளிர்பதனப் பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தப் பெட்டியில் அடைக்கிற குளோரோஃபுளோரோகார்பன் வாயுவே பூமியைச் சூடாக்கும், ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர்.

சித்தப்பா அதுவரை பேசவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "அப்ப ஒருத்தர் கடல் ஏன் நீலமா இருக்குன்னு பார்த்தவரு, ஒருத்தர் ஏன் சுடுதுன்னு பார்த்தவரு. அப்படித்தான தம்பி?" என்றார். ஆமாம் என்றார்கள். கையை மணிக்கட்டு வரைக்கும் தண்ணீரில் விட்டு வெகுநேரம் வைத்திருந்தார். "பச்சப் புள்ளைக்கு ஊத்துற வெந்நி மாதிரி இருக்கு. இதுக்கு என்ன பண்றதுன்னு அந்த ராமநாதன் ஏதும் சொல்லிருக்காராப்பா?" என்று கேட்டார். பையன்கள் நோட்டைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணி எப்படி இருக்கு என்று கேட்கிறார்.

ராமநாதபுரம் அரண்மனைத் தெரு:

முதலில் எழுதிய கடைக்கார அண்ணனுக்கு. அந்தப் பெரியவர் கேட்டது சினிமா இசையமைப்பாளர் ஜி. ராமநாதனாக இருக்குமோ? "சினிமாவா" என்று நீங்கள் கேட்டதற்கு அவர் இல்லை என்று சொல்லவில்லையே. கட்டபொம்மன் ஜாக்சன் துரையை 1798-ல் சந்தித்த ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு எதிரே வளர்ந்தவன் நான். 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு இசையமைத்தவரை இத்தனை பேரில் ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்குக் குறை. எதை வைத்து எம்.டி.ஆர். என்று முடிவு செய்தீர்கள்? என்ன பாட்டுப் பாடினார்?

ஜெராக்ஸ் கடை, ராமேஸ்வரம்:

அண்ணே, ஜி. ராமநாதன் பாட்டு எங்கள் வீட்டு ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன்தான் நான். அது இல்லை. என்ன பாட்டு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வார்த்தை எதுவும் நிற்கவில்லை. ஒரே ஒரு "மா" மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் அதை எடுத்தபோது நான் ஒரு குடும்ப அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தேன். முன்பக்கம் எடுத்து, மூடியைத் தூக்கி, அட்டையைத் திருப்பி வைத்து, பின்பக்கமும் எடுத்து முடித்தேன். அவர் அப்போதும் அந்த "மா"விலேயே இருந்தார்.