ஆளற்ற இடத்தில் நம்மைக் கண்டுகொண்ட அனுபவங்கள்: மதுரைக்காரர்கள் சொல்லுங்கள்

பழங்காநத்தம்

ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத நம்மில் சிலருக்குத் தங்கள் பாலினத்தை உடலை வைத்துச் சொல்ல வருவதில்லை. மழை, விலங்கு, ஒலி, இடம் என்று வேறு எதையாவது வைத்துத்தான் சொல்ல முடிகிறது. இவர்களுக்கு 2014 வாக்கில் டம்ப்ளர் (Tumblr) என்ற சமூக வலைத்தளத்தில் 'ஸெனோஜெண்டர்' என்று, எல்லோரையும் குடைபோல அடக்கும் ஒரு பொதுப்பெயர் கிடைத்தது. அந்தக் குடைக்குள் இன்னொரு சிறு குடையும் உண்டு. கூட்டத்துக்காகக் கட்டப்பட்டு, கூட்டம் போய்விட்ட, பார்த்தால் கொஞ்சம் மயிர்க்கூச்செறியும் இடங்களோடு தங்களைப் பொருத்திப் பார்க்கிறவர்கள் அதன் கீழே நிற்கிறார்கள். விடுமுறை நாள் பள்ளி வராந்தா, மறுநாள் காலையின் கல்யாண மண்டபம், அப்படி.

இணையத்தில் இப்படிப்பட்ட காலி இடங்களின் படங்கள்மீது மோகம் பெருகியது 2019-இல் சுற்றிய ஒரு மஞ்சள் அறையின் புகைப்படத்தால். அது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊரில் சீரமைப்பில் இருந்த ஒரு கடை என்று 2024-இல்தான் துப்புத் துலக்கினார்கள். நம் ஊரிலோ நள்ளிரவு தாண்டியும் பரோட்டாக் கல் ஆறுவதில்லை. தூங்கா நகரத்தில் காலி இடம் உங்களுக்கு எங்கே கிடைத்தது? பேய்க்கதைகள் வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தையற்காரர் பிள்ளை

எங்கள் அப்பா புதுமண்டபத்தில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டிய மண்டபம். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அங்கே விழாவைவிட வியாபாரம்தான் பெரிது. தூணுக்குத் தூண் கடை. யாளியின் காலடியில் வளையல், நாயக்க மன்னரின் முழங்காலுக்குப் பக்கத்தில் புத்தகம், நடுவே வரிசையாகத் தையல் இயந்திரங்கள். சித்திரை பிறந்தால் அப்பாவுக்குச் சோறு தண்ணீர் இறங்காது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சல்லடமும் வெல்வெட் சட்டையும் தைக்க வந்து நிற்பார்கள்.

அவருடைய அளவு நோட்டு இரண்டு பாகமாக இருக்கும். முன்பக்கத்திலிருந்து ஆண்கள், நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பெண்கள். எனக்குத் தைக்கும்போது மட்டும் நோட்டில் எழுதமாட்டார், சிகரெட் அட்டையைக் கிழித்து அதில் குறித்துக்கொள்வார். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அவருக்கும் ஏதோ புரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை.

பிறகு கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மிச்சச் சாமானை எடுக்க அப்பாவோடு நானும் போனேன். அவர் வெளியே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார், நான் உள்ளே நின்றேன். அந்த மண்டபத்தின் நீளமே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இயந்திரம் இருந்த இடத்தில் எண்ணெய் குடித்துக் கறுத்த கல். ஒரு தூணில் சாக்குக்கட்டியால் யாரோ எழுதிய அளவு: 34, 13½, கை 9. கல் இடுக்கில் துருப்பிடித்த குண்டூசிகள், ஒரு துண்டு ஜிகினா நூல். கடை போய்விட்டது, கோயில் மண்டபமாக இன்னும் திரும்பவில்லை. யாருக்கும் எதற்கும் பயன்படாமல், ஆனால் ஒரு தூண்கூடக் குறையாமல் அது பாட்டுக்கு நின்றது.

உடம்பு சிலிர்த்தது, உண்மை. ஆனால் பயத்தில் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன், அது ஒருபோதும் சரியாக உட்கார்ந்ததில்லை. நடுவில் எல்லாம் இல்லை, இப்படித்தான் இருக்கிறேன் என்று அங்கே பட்டது. இந்தக் குடைப்பெயரெல்லாம் வெகு நாள் கழித்துப் படித்தவை.

பூட்ட வந்த காவலாளி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி... பாப்பா... யாராக இருந்தாலும் சரி, வெளியே வாருங்கள்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சரியாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

தல்லாகுளம்

எனக்கு 2020 சித்திரை, கொரோனா ஊரடங்கு. மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல் நடத்தி இணையத்தில் காட்டினார்கள், அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு இடித்துப் பிடித்து நிற்கும் எங்கள் தெருவில் ஒரு நாய் நடு ரோட்டில் படுத்திருந்தது. வீட்டில் அம்மாவும் அத்தையும் அழுதார்கள். மருந்து வாங்க அனுமதிச் சீட்டோடு போன நான் வேண்டுமென்றே சுற்றிப் போனேன். திருவிழாக் கூட்டத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கயிறு கட்டிப் பிரிப்பார்களே, அந்தக் கயிறு இல்லாத தெரு. ஊரே கலங்கியிருந்தபோது நிம்மதியாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? இங்கே சொல்லிவிட்டேன்.

செல்லூர்

கோபித்துக்கொள்ளாதீர்கள். காலி வீட்டில் நின்றால் எல்லோருக்கும்தான் ஏதோ செய்யும். அதைப் பாலினம் என்பீர்களா? மீனாட்சியே மூன்று தனங்களோடு பிறந்து, ஆண்பிள்ளை போல வளர்ந்து, முடிசூடியவள். நம்மிடம் இல்லாததா? புதுப்பெயர் எதற்கு?

பழங்காநத்தம்

மீனாட்சிக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததும் மூன்றாவது மறைந்து கணக்குச் சரியாகிவிட்டது. எங்களுக்கு அப்படி எதுவும் மறையவில்லை, அதுதான் சிக்கல். காலி இடம் எல்லோரையும் ஏதாவது செய்யும், மறுக்கவில்லை. மற்றவர்கள் அதைவிட்டு வெளியே வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். சிலருக்கு உள்ளே இருந்ததுதான் பழையபடி.

அவனியாபுரம்

நான் திருநங்கை. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி பஸ் போன நிலையத்தில் நான் நின்றால் முதுகெல்லாம் கண்ணாக இருக்கும். எவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான், ரோந்து வண்டி வந்தால் என்ன கேட்பான் என்பதுதான் மனதில் ஓடும். ஆளில்லாத இடம் என்பது எங்களுக்குச் சாட்சி இல்லாத இடம். உங்கள் எல்லாக் கதையிலும் பகல் வெளிச்சம் இருக்கிறது, அல்லது கையில் அனுமதிச் சீட்டு இருக்கிறது. அதைக் கவனித்தீர்களா? 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றதும், 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான் என்றதும் கூட்டத்துக்குள் முட்டி மோதி வாங்கியவை. எனக்குக் கூட்டம் வேண்டும்.

தையற்காரர் பிள்ளை

அக்கா, வெளியே அப்பா இருந்தார், வாசலில் காவலாளி இருந்தார். நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் சொன்ன அதே 2019 தீர்ப்பில்தான் பிறப்பிலேயே ஆண், பெண் உடலமைப்பில் அடங்காத இடைப்பாலினக் குழந்தைகளின் உடலை அவசரப்பட்டு அறுத்து ஆண், பெண் என்று ஆக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே தமிழக அரசு அப்படிப்பட்ட அறுவைச் சிகிச்சையைத் தடைசெய்து ஆணையும் போட்டது. முடிவாகாததை முடிவாகாமலே இருக்கவிடுங்கள் என்று ஒரு நீதிமன்றம் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை. மண்டபத்தில் எனக்குத் தோன்றியதும் ஏறக்குறைய அதுதான்.

பழங்காநத்தம்

வாயால் பேசியது போதும். ஞாயிறு காலை சமணர் மலை போகலாமா? கீழக்குயில்குடித் தாமரைக் குளத்திலிருந்து ஏறினால் வெயிலுக்கு முன் செட்டிப்புடவு குகையைப் பார்த்துவிடலாம். துறவிகள் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, தீர்த்தங்கரர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

அவனியாபுரம்

பகல் என்றால் வருகிறேன். நாகமலைப் புதுக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் யாராவது வண்டியோடு நில்லுங்கள், தனியாக நடக்க மாட்டேன். இட்லி நான் கொண்டுவருகிறேன், சட்னிக்கு வேறு ஆள் பாருங்கள்.