மூன்று மானிட்டரில் யூரோ ட்ரக்: எந்த கிராபிக்ஸ் கார்டு?

மலைப்பாதை:
யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேமைத்தான் தினமும் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 450 வாட் பவர் சப்ளை. 1080பி மானிட்டர் மூன்றை வரிசையாக வைக்க ஆசை. கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கலாமா, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கலாமா?

நான்காம்_கியர்:
4060 வாங்குங்கள். 3060 கார்டு 170 வாட் கேட்கும், இது 115 வாட்டோடு நின்றுவிடும். பவர் சப்ளையை மாற்றும் செலவு இல்லை. வேகமும் இதில்தான் கூடுதல்.

ராத்திரி_லோடு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று மானிட்டர் என்றால் 5760க்கு 1080, அதாவது 62 லட்சம் பிக்சல். 4கே திரையில் முக்கால் பங்கு. இந்த கேமில் கம்பி, வேலியெல்லாம் மினுமினுப்பதால் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை பிக்சலில் வரைவது என்ற சதவீதம்) 200க்கு மேல் ஏற்றாமல் யாருக்கும் மனசு கேட்காது. அப்போது 8 ஜிபி திணறும்.

இன்னொன்று, 4060க்கு எட்டு லேன்தான் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதை). பி450 போர்டின் கார்டு ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தலைமுறை என்பதால் அந்த எட்டும் பாதி வேகத்தில் ஓடும். மெமரி நிரம்பாத வரை இது தெரியாது. நிரம்பிவிட்டால் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமிலிருந்து வர ஆரம்பிக்கும், ரவுண்டானாவில் திரும்பும்போது படம் விக்கி விக்கி நிற்கும். 3060க்குப் பதினாறு லேன்.

நான்காம்_கியர்:
2012ல் வந்த கேம் நண்பரே. நான் 4060ல், 1440பி மானிட்டரில், ஸ்கேலிங் 200 வைத்து ஓட்டுகிறேன். அது உங்கள் 62 லட்சத்தைவிட அதிகமான பிக்சல். மெமரி 6 ஜிபியைத் தாண்டிப் பார்த்ததில்லை.

பக்கக்கண்ணாடி:
இரண்டு பேரும் கார்டையே பார்க்கிறீர்கள். இந்த கேம் பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரைத்தான் நம்பி ஓடுகிறது. லாரியின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் காட்சியைத் தனியாக வரைகிறது. மூன்று மானிட்டர் அமைப்பைப் போட்டால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு கேமரா. இத்தனைக்கும் வேலை சொல்ல வேண்டியது பிராசசர். 3600ல் ஆறு கோர் இருந்தாலும் கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பியாக இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. ரைசன் 5 5600 பிராசசரில் 32 எம்பியும் ஒரே இடத்தில். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் உங்கள் போர்டிலேயே அது உட்காரும்.

மலைப்பாதை, இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஊருக்குள் வண்டியை நிறுத்தி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) பாருங்கள். ஸ்கேலிங்கை 50க்கு இறக்கி மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் தடை பிராசசரில்தான்.

ராத்திரி_லோடு:
சோதனை சரி. ஆனால் அது ஒரு திரைக்கான கணக்கு. மூன்றாக்கும்போது கார்டின் சுமையும் மூன்று மடங்காகும்.

மலைப்பாதை:
செய்து பார்த்தேன். கேமில் வரும் டூயிஸ்பர்க் ஊருக்குள் 48, ஸ்கேலிங்கை இறக்கினால் வெறும் 50. நெடுஞ்சாலையில் 70 இருந்தது 105க்குப் போனது. கண்ணாடித் தரத்தைக் குறைத்ததும் ஊருக்குள் 57 வந்தது.

அதனால் இந்த மாதம் 5600 மட்டும் வாங்குகிறேன். மிச்சப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அப்புறம் 12 ஜிபி கார்டு.

நான்காம்_கியர்:
பிராசசர் விஷயத்தில் எனக்கும் சம்மதம். 12 ஜிபி வாங்குவதற்கு முன் பவர் சப்ளையின் 12 வோல்ட் லைன் எத்தனை ஆம்பியர் என்று அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள்.