1924 மாடல் டி: பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் உதறுகிறது

பழையவண்டி24:
டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். போன வருடம் வாங்கிய 1924 ஃபோர்டு மாடல் டி. 25 மைல் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் கையைப் பிய்த்துவிடுகிற மாதிரி உதறுகிறது. கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்குகிறது. அப்புறம், திருப்பத்துக்குப் பிறகு சக்கரம் தானாக நேருக்கு வருவதில்லை. ஒரு பட்டறையில் கிங் பின் (முன்சக்கரம் திரும்புகிற செங்குத்து அச்சு), அதன் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். பணம் போனது, உதறல் போகவில்லை. உதறலை அடக்கும் டேம்பர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமா?

கிரீஸ்கை:
வேண்டாம், இப்போதைக்கு. 'தானாக நேருக்கு வருவதில்லை' என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, கோளாறு அங்கேதான். காஸ்டர், அதாவது கிங் பின்னின் பின்சாய்வு, போயிருக்கிறது.

சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியிருப்பீர்கள். ஃபோர்க் சாய்ந்திருப்பதால், அந்தச் சாய்வைத் தரைவரை நீட்டினால் டயர் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். டயர் அதன் பின்னால் இழுபட்டு வருவதால் நேராகவே ஓடப் பார்க்கும். கிங் பின்னும் அப்படித்தான், தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மாடல் டிக்கு ஐந்தரை டிகிரி. அந்தச் சாய்வைப் பிடித்து வைத்திருப்பது முன் ஆக்சிலின் இரு பக்கத்திலிருந்தும் எஞ்சினுக்கு அடியில் போய்ச் சேருகிற V வடிவத் தண்டு, விஷ்போன். அது வளைந்தால் எல்லாம் போச்சு.

போதாததற்கு, ஸ்டீயரிங் வீலுக்கு நேர் கீழே இருக்கும் கியர் வெறும் 4:1, வீல் நாலு சுற்றுச் சுற்றினால் கீழே தண்டு ஒரு சுற்று. ரோட்டில் விழுகிற அடி அப்படியே கைக்கு வரும். 1926 மாடலில்தான் 5:1 ஆக்கினார்கள்.

சமதரையில் நிறுத்தி, சக்கரத்தை நேராக வைத்து, ஆக்சில் நுனியின் முகத்தோடு ஓர் அடிக்கோலை ஒட்டிப் பிடியுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கோலின் 10 அங்குல நீளத்துக்கு நூலிலிருந்து ஏறக்குறைய 1 அங்குலம் விலக வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

நான் ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்டீயரிங் கியரைப் பிரித்துப் பிரித்து மாட்டியவன். கடைசியில் நூலைத் தொங்கவிட்டால், கோலும் நூலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன! வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூன்றுபெடல்:
விஷ்போனின் பின்முனை உருண்டையையும் பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் உட்காரும், மூடியை ஸ்பிரிங் வைத்து இறுக்கியிருக்கும். ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். என் வண்டியில் ஒரு ஸ்பிரிங்கே இல்லை.

பழையவண்டி24:
அளந்தேன். இடப்பக்கம் முக்கால் அங்குலம். வலப்பக்கம் கால் அங்குலம்கூட இல்லை. விஷ்போனின் வலது கையைத் துடைத்துப் பார்த்தால் ஜாக்கி பதிந்த பள்ளம். யார் வைத்தார்களோ! காய்ச்சி நிமிர்த்தலாமா?

கிரீஸ்கை:
காய்ச்சாதீர்கள், நெருப்புப் பட்டால் இரும்பு இளகிவிடும். நல்லதாக ஒன்று தேடி மாற்றுங்கள். மாட்டியபின்னும் வலம் இடம் ஒத்துவரவில்லை என்றால் ஆக்சிலே முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். காஸ்டர் சரியான பிறகு டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் இடைவெளி பின்னால் இருப்பதைவிட முன்னால் கால் அங்குலம் குறுகலாக. அதற்கு முன் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைத் தொடாதீர்கள்.