ஹைப்ரிட் பிக்கப் ட்ரக், தினமும் ஓட்ட எப்படி இருக்கும்? வச்சிருக்கறவங்க சொல்லுங்க

ஃப்ரிஸ்கோவாசி:

வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம். வீட்ல ஒரு பழைய டொயோட்டா கேம்ரி கார், ஒரு ஹோண்டா ஒடிஸி வேன். கேம்ரிக்கு வயசாயிடுச்சு, மாத்தியே ஆகணும். எனக்கு ரொம்ப நாளா பிக்கப் மேல ஒரு கண்ணு, ஆனா வீட்டம்மா "ஐடி வேலைக்கு போறவருக்கு லாரி எதுக்கு"ன்னு ஒரே கேள்வில கதையை முடிச்சிட்டாங்க. அப்புறம் பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டற ஃபோர்ட் மாவரிக் ஹைப்ரிட்டை காட்டினேன், சின்ன பிக்கப், சைஸையும் மைலேஜையும் பாத்துட்டு இப்ப கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்க, இந்த கேப்ல விஷயத்தை முடிச்சிடலாம்னு இருக்கேன்.

என் ஓட்டம் இதுதான்: வாரத்துல மூணு நாள் லாஸ் கொலினாஸ்ல ஆபீஸ், காலைல டோல் ரோட்ல பறந்துடலாம், சாயங்காலம் ஊர்ந்துதான் வரணும். வீக்கெண்ட்ல காஸ்ட்கோ, ஹோம் டிப்போ, பசங்க சைக்கிள். எப்பவாவது ஹூஸ்டன், பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு. ட்ரெய்லர் எல்லாம் இழுக்கற ஆள் இல்ல.

ஃபோர்ட் போடற 42 எம்பிஜி (கேலனுக்கு 42 மைல்) நெஜமாவே வருமா? டெக்சாஸ் வெயில்ல ஏசி போட்டா என்ன ஆகும்? சின்னவன் இன்னும் சைல்ட் சீட்லதான், பின்னாடி இடம் பத்துமா? பேட்டரி நாலஞ்சு வருஷத்துல செத்துப்போச்சுன்னா பெரிய செலவு வைக்குமேன்னும் ஒரு பயம் இருக்கு. யூட்யூப்ல பாத்தா எல்லாரும் மலைலயும் சேத்துலயும் ஓட்டி காட்டறாங்க, ஆபீஸுக்கு போய்ட்டு வர்ற மனுஷனுக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

---

பிளேனோ மதுரக்காரன்:

வாங்க நண்பா. நான் மாவரிக் ஹைப்ரிட்தான் வச்சிருக்கேன், ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, முன் வீல் ட்ரைவ் மாடல். உங்க ஓட்டமும் என் ஓட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மொதல்ல அந்த 42 பத்தி. அது சிட்டி நம்பர். ஹைவேக்கு 33, ரெண்டும் கலந்து 37னுதான் ஸ்டிக்கர்ல போட்டிருப்பான். 2025 மாடல்ல ஹைவே 35ன்னு கொஞ்சம் ஏறியிருக்கு. சாதா கார்ல ஹைவேலதான் மைலேஜ் வரும், இதுல தலைகீழ். நீங்க சாயங்காலம் ஊர்ந்து வர்றீங்க பாருங்க, அங்கதான் இது சம்பாதிக்கும். முன்னாடி வண்டி நகர்ந்து நகர்ந்து போகும்போது பாதி நேரம் இன்ஜினே ஓடாது, மோட்டார்லயே உருண்டு வரும், எனக்கு அந்த மாதிரி நாள்ல 42ஐ தாண்டியும் காட்டியிருக்கு. அதே வண்டிய ஐ-45ல 75, 80ல மிதிச்சுக்கிட்டு எதிர்காத்துல ஹூஸ்டன் போனீங்கன்னா 30, 32 தான் பாப்பீங்க. என்ன இருந்தாலும் பெட்டி மாதிரி நிக்கற வண்டி, காத்த கிழிச்சுக்கிட்டுதான போகணும், அங்க பேட்டரியால ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம் பேட்டரின்னதும் டெஸ்லா அளவுக்கு கற்பனை பண்ணிடாதீங்க, மொத்தமே 1.1 கிலோவாட் அவர்தான். ப்ளக் எல்லாம் போட வேணாம், போடவும் முடியாது. பிரேக் புடிக்கும்போது ரொம்பும், கெளம்பும்போது காலியாகும், நாள் பூரா இதேதான். பிரேக் புடிச்சு நிக்கற ஒவ்வொரு தடவையும் எத்தன சதவீதம் பேட்டரிக்கு திரும்பி போச்சுன்னு டேஷ்ல மார்க் போட்டு காட்டும். சிக்னல தூரத்துலயே பாத்து மெதுவா அமுக்கிட்டே வந்தா 100 வரும், கடைசி நேரத்துல அழுத்துனா நெஜ பிரேக் பேட் வேலை செஞ்சுடும், மார்க் கொறஞ்சிடும். என் பொண்ணு பின்னாடி உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு சிக்னலுக்கும் "அப்பா 94தான்"னு சத்தமா படிக்கும். அந்த மார்க்குக்காகவே நான் நிதானமா ஓட்ட ஆரம்பிச்சிட்டேன், அதுலயே பாதி மைலேஜ் வந்துடுச்சுன்னு நெனக்கிறேன்.

ஏசி பத்தி கவலையே வேணாம். கம்ப்ரசர் கரண்ட்ல ஓடறது, சிக்னல்ல இன்ஜின் நின்னாலும் கூலிங் நிக்காது. ஆகஸ்ட் மாசம் வெயில்ல நிறுத்தி வச்சிருந்துட்டு எடுத்தா மட்டும் பேட்டரி சீக்கிரம் எறங்கி இன்ஜின் அடிக்கடி ஆன் ஆகும், மைலேஜ் ரெண்டு மூணு கொறையும், அவ்ளோதான்.

புடிக்காததையும் சொல்லணும்ல. ரேம்ப்ல ஏறி ஹைவேல சேரும்போது முழுசா மிதிச்சா இன்ஜின் ஒரே சுதில மிக்ஸி ஓடற மாதிரி கத்தும். கியர் மாறாது, சத்தம் மட்டும் மேல போய் அங்கயே நிக்கும், வேகம் பின்னாடி வந்து சேரும். இசிவிடி கியர்பாக்ஸ்னு சொல்றது அதான், பெல்ட் எல்லாம் கிடையாது, பல்சக்கரம்தான், அதனால உழைக்கும், ஆனா மொத தடவை கேட்டா ஏதோ கோளாறுன்னு தோணும். 191 ஹெச்பி இருக்கு, போகத்தான் செய்யுது.

பின் சீட் சுமார். ஹைப்ரிட்ல பேட்டரி பின் சீட்டுக்கு அடில இருக்கறதால கால் வைக்கற இடம் ஹைப்ரிட் இல்லாத டர்போ மாடலை விட ஒரு இஞ்ச் கம்மி. முன்னாடி பாத்த மாதிரி வைக்கற சைல்ட் சீட்னா பிரச்சனை இல்ல, பின்னாடி பாத்த மாதிரி வைக்கறதுன்னா முன்னாடி சீட்ட நல்லா தள்ளணும், நீங்க ஆறடி ஆளா இருந்தா முட்டி இடிக்கும்.

---

நோவி பனிக்கரடி:

மதுரக்காரர் சொன்னது எல்லாம் டெக்சாஸ் கணக்கு ப்ரோ. நான் டெட்ராய்ட் பக்கம், அதே வண்டி. இங்க ஜனவரில கதையே வேற. கேபினுக்கு சூடு வேணும்னா இன்ஜின் ஓடியாகணும், இன்ஜின் தண்ணி சூடானாதான் ஹீட்டர் வேலை செய்யும். அதனால சிக்னல்ல நிக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். கிட்ட இருக்கற கடைக்கு போய்ட்டு வர்றதுன்னா இன்ஜின் சூடாகறதுக்குள்ள ட்ரிப்பே முடிஞ்சிடும், மைலேஜ் 30க்கு கீழ கூட போகும். ஏப்ரல் வந்தா தானா ஏறிடும்.

நானும் முன் வீல் ட்ரைவ்தான், ஸ்னோ டயர் போட்டா போதும், இதுவரைக்கும் எங்கயும் மாட்டல. 2025ல இருந்து ஹைப்ரிட்லயே ஆல் வீல் ட்ரைவ் குடுக்கறாங்க, அதுக்கு முன்னாடி ஹைப்ரிட் வேணும்னா முன் வீல் மட்டும்தான்.

இன்னொண்ணு, பிரேக் பேட் ரொம்ப நாள் வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான். ஆனா இங்க ரோட்ல உப்பு கொட்டறாங்க, பிரேக் அதிகம் உபயோகமாகாததால டிஸ்க் துரு புடிக்கும், அப்பப்ப காலி ரோடு பாத்து நாலு தடவை நல்லா அழுத்தி பிரேக் புடிச்சு துருவ தேச்சு எடுக்கணும். ஃப்ரிஸ்கோல உங்களுக்கு இந்த தலைவலி இல்ல.

---

ஃப்ரிஸ்கோவாசி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ரேம்ப்ல கத்தறது முன்னாடியே தெரிஞ்சது நல்லதா போச்சு, இல்லேன்னா டெஸ்ட் ட்ரைவ்லயே வீட்டம்மா இறங்கி போயிருப்பாங்க. பேட்டரி ஆயுசு பத்தி யாராவது சொல்லுங்க. அப்பா அம்மா வர்றப்ப ஏர்போர்ட்ல நாலு பெட்டி ஏத்தறதும் இருக்கு. இன்னொரு ஃப்ரெண்டு "வாங்கறதுதான் வாங்கறே, எஃப்-150 ஹைப்ரிட்டா வாங்கிடு"ன்னு உசுப்பேத்தறான்.

---

ஹூஸ்டன் அண்ணாச்சி:

தம்பி, அந்த எஃப்-150 ஹைப்ரிட் என்கிட்ட இருக்கு, பவர்பூஸ்ட்னு பேரு. ரெண்டையும் ஹைப்ரிட்னு ஒரே பேர்ல சொல்றாங்களே தவிர ரெண்டும் வேற வேற சாதி வண்டி. மாவரிக்ல பெட்ரோல் மிச்சம் புடிக்க மோட்டார் வச்சிருக்கான். இதுல 3.5 லிட்டர் டர்போ வி6 கூட சேத்து 430 ஹெச்பி, இழுவை சக்தி (டார்க்) 570, இழுக்கறதுக்கும் கரண்டு எடுக்கறதுக்கும்தான் முக்கியமா. மைலேஜ் ஸ்டிக்கர்ல 23ல இருந்து 25 வரைக்கும் மாடல பொறுத்து போட்டிருப்பான், எனக்கு ஊருக்குள்ள 20, 21 வருது. இவ்ளோ பெரிய வண்டிக்கு அது நல்ல நம்பர்தான், ஆனா கேம்ரில இருந்து வர்ற உங்களுக்கு பம்ப்ல நிக்கும்போது அழுகை வரும். டொயோட்டா டன்ட்ரால வர்ற ஹைப்ரிட்டும் இதே கதைதான், 437 ஹெச்பி, மைலேஜ் 20, 22 அந்த பக்கம்.

ஓட்டறதுக்கு இது சாதா ட்ரக் மாதிரியேதான் இருக்கும், பத்து கியர், மாறறது தெரியும். மெதுவா போகும்போது இன்ஜின் நின்னு நின்னு கெளம்பும், சில நேரம் லேசா ஒரு குலுக்கு குடுக்கும்.

அப்ப எதுக்கு வாங்குனேன்னு கேப்பீங்க. 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சுச்சே, ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன் கரண்டு இல்லாம கெடந்துச்சு. எங்க தெருவுல பல நாள் வரல, வெளில அனல். வண்டிய டிரைவ்வேல நிறுத்தி பின்னாடி தொட்டில இருக்கற ப்ளக்ல வயர் போட்டு ஃப்ரிட்ஜ், ஃபேன், ஒரு ஜன்னல் ஏசி, வைஃபை எல்லாம் ஓட்டுனோம். பக்கத்து வீட்டு பாட்டிம்மாவோட இன்சுலின் எங்க ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு. பேட்டரி 1.5 கிலோவாட் அவர்தான், அது எறங்க எறங்க இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகி ரொப்பிட்டு நின்னுக்கும், ராத்திரி தூங்கும்போது அப்பப்ப அந்த சத்தம் கேக்கும். ஆனா ஒண்ணு, இத கராஜுக்குள்ள வச்சு பண்ணவே கூடாது, கதவ தொறந்து வச்சாலும் கூடாது, புகை உசுருக்கு ஆபத்து. அதே மாதிரி வீட்டு வயரிங்லயே குடுக்கணும்னா எலக்ட்ரீஷியன வச்சு, வெளி லைன்ல இருந்து வீட்ட பிரிக்கற ட்ரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடாம தொடாதீங்க.

இதுக்கு 7.2 கிலோவாட் ஆப்ஷன் இருக்கற வண்டியா பாத்து வாங்கணும், சாதாவா வர்றது 2.4தான். மாவரிக்ல வர்ற ப்ளக் 400 வாட்ஸ்தான், லேப்டாப்பும் சார்ஜரும் ஓடும், அதோட சரி. உங்களுக்கு இழுக்கற வேலையும் இல்ல, கரண்டு தேவையும் பெருசா இல்லேன்னா ஃப்ரெண்டு பேச்ச கேக்காதீங்க. நாலு கதவு எஃப்-150 பத்தொம்போது அடிக்கு மேல நீளம், ஃப்ரிஸ்கோ கராஜ்ல கதவு மூடுதான்னு மொதல்ல டேப் வச்சு அளந்து பாருங்க. மாவரிக் உங்க கேம்ரிய விட ஒரு அடிக்கும் கம்மியாதான் நீளம் அதிகம்.

---

ஆஸ்டின் சுமதி:

எல்லாரும் எந்த ட்ரக்குன்னே பேசறீங்க, ட்ரக் வேணுமான்னு யாருமே கேக்கலயே. 😄

வருஷத்துக்கு 12,000 மைல்னு வச்சுக்கோங்க. பழைய கேம்ரி 28 குடுக்குதுன்னா 429 கேலன். மாவரிக் 37 குடுத்தா 324. மிச்சம் 105 கேலன், கேலன் 3 டாலர்னா 315 டாலர். இதுக்காக புது வண்டின்னு வீட்ல சொல்லாதீங்க, கணக்கு தெரிஞ்சவங்கன்னா மாட்டிப்பீங்க. 2021ல அறிவிச்சப்ப 20,000 டாலருக்கு அஞ்சு டாலர் கம்மி, அப்ப அது லாட்டரி. 2025 மாடல் வந்தப்பவே ஆரம்ப விலை 26,000ஐ தாண்டிடுச்சு, டெலிவரி சார்ஜ் வேற. எங்க தம்பி போன ஒரு டீலர் அதுக்கு மேலயும் ஏத்தி கேட்டாராம்.

அப்புறம் ஒடிஸி வீட்லயே இருக்கே! நடு சீட்ட கழட்டிட்டு மூணாவது வரிசைய மடக்குனா 4x8 அடி ப்ளைவுட் பலகை உள்ளயே போகும், மழையிலயும் நனையாது. உரம், மண்ணுன்னா ஹோம் டிப்போலயே ட்ரக் மணிக்கணக்குல வாடகைக்கு கெடைக்கும். ஆசைக்கு வாங்கறேன்னு சொல்லுங்க, அது நல்ல காரணம், நான் ஒத்துக்குவேன்.

---

பிளேனோ மதுரக்காரன்:

சுமதி அக்கா சொல்றது வாஸ்தவம், ஆனா மழைல நனைஞ்ச மண்ணு மூட்டைய ஒடிஸிக்குள்ள ஏத்திட்டு அப்புறம் அந்த கார்பெட்ட கழுவி பாருங்க அக்கா, அப்ப தெரியும் தொட்டியோட அருமை.

தொட்டி நாலரை அடிதான். ப்ளைவுட், தொட்டிக்குள்ள சக்கரத்துக்கு மேல புடைச்சிருக்கற வீல் மேட்டுக்கு நடுவுல படுக்காது, ஆனா டெயில்கேட்ட (தொட்டியோட பின் கதவ) பாதி திறந்த நிலைல நிறுத்தினா வீல் மேட்டு மேலயே சமமா படுக்கும், அதுக்குன்னே அப்படி வச்சிருக்கான். எடை 1,500 பவுண்டு வரைக்கும், உக்காந்திருக்கற ஆளுங்களையும் சேத்து. 40 பவுண்டு மண்ணு மூட்டை இருபது போட்டா 800 ஆச்சு, நாலு பேர் கூட வந்தா அங்கயே நெருங்கிடும், அத மறந்துடாதீங்க.

ஏர்போர்ட் பெட்டிக்கு மேல மூடற கவர் கண்டிப்பா போடுங்க, மடக்கற மாதிரி கெட்டியானது. 23 கிலோ பெட்டி நாலு படுக்க வச்சா தாராளமா அடங்கும், அம்மா கொண்டு வர்ற ஊறுகாய் மட்டும் உள்ள வச்சுக்கோங்க, தொட்டி வெயில்ல கொதிக்கும்.

பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி. ஃபோர்ட் இந்த ஹைப்ரிட் வேலைய எஸ்கேப் வண்டில 2004லயே ஆரம்பிச்சிட்டாங்க, நியூயார்க்ல டாக்ஸியா தேய தேய ஓடுன வண்டி அது. தவிர இதுல தனியா ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் கிடையாது, கெட்டுப்போற சாமான்ல ரெண்டு கம்மி.

செகண்ட் ஹேண்ட் பாக்கறீங்கன்னா மட்டும் ஒண்ணு. 2022 ஹைப்ரிட்டுக்கு ரீகால் வந்திருக்கு, இன்ஜின் உடைஞ்சா கசியற ஆயில் தீப்பிடிக்க வாய்ப்புன்னு. என்ஹெச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசோட ரோடு பாதுகாப்பு அமைப்பு) சைட்ல வின் நம்பர, அதாவது வண்டியோட அடையாள நம்பர போட்டு வேலை முடிஞ்சிருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

---

ஃப்ரிஸ்கோவாசி:

அக்கா, ஆசைக்குத்தான், ஒத்துக்கறேன் 🙏 எஃப்-150 கேன்சல். சனிக்கிழமை மாவரிக் டெஸ்ட் ட்ரைவ் போறோம், குடும்பத்தோட.

---

நோவி பனிக்கரடி:

சைல்ட் சீட்ட கையோட எடுத்துட்டு போய் அங்கயே மாட்டி பாருங்க ப்ரோ. டீலர் காட்டற நாலு தெரு சுத்தறதோட விட்டுடாதீங்க, ரேம்ப் ஏறி ஒரு எக்ஸிட்டாவது போங்க, வீட்டம்மாவையே ஓட்ட சொல்லுங்க.

---

ஆஸ்டின் சுமதி:

ஆமா, ஏசிய ஃபுல்லா வச்சுக்கிட்டு ஓட்டுங்க. என்ன கலர்னும் அவங்களையே முடிவு பண்ண விடுங்க.