நெட் யூஸ் அடித்து இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவங்கள் – அனுபவப் பகிர்வு

கல்லடி ஸ்டூடியோ

நெட் யூஸ் என்றால், நெட்வேர்க்கில் வேறு பெட்டியில் இருக்கிற ஃபோல்டரை விண்டோஸில் ஒரு டிரைவாக இணைக்கிற, அறுக்கிற கொமாண்ட். இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கலியாண வீடியோவும் அல்பமும் செய்கிற சின்ன ஸ்டூடியோ என்னுடையது. இரண்டு எடிட்டிங் கம்பியூட்டர், அலுமாரிக்கு மேலே ஒரு நாஸ் பெட்டி (நெட்வேர்க்கில் எல்லாக் கம்பியூட்டரும் பாவிக்கிற டிஸ்க்), அவ்வளவுதான்.

போன ஆவணி. இரவு பத்தரை இருக்கும். பொடியன் அன்றைய கலியாணத்தின் கமரா கார்டை, நாஸை இணைத்திருக்கிற இசட் டிரைவுக்குக் கொப்பி போட்டு, ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். நான் அதே கம்பியூட்டரில் பழைய அல்பம் ஒன்றை எடுக்க, அட்மின் பெயரில் நாஸின் வேறொரு ஷேரை, அதாவது பகிர்ந்த ஃபோல்டரை, திறக்கப் பார்த்தேன். எரர் 1219. ஒரே ஆள் ஒரே சேர்வருக்கு இரண்டு பெயரில் வர முடியாது என்கிற அதே பழைய தகராறு. கை தன் பாட்டில் அடித்துவிட்டது: நெட் யூஸ், ஸ்டார், ஸ்லாஷ் டிலீட், ஸ்லாஷ் வை.

அந்த 'வை'தான். அது இல்லாவிட்டால், ஃபைல் திறந்திருக்கிறது, பலவந்தமாக மூடவா என்று ஒரு வரி கேட்டிருக்கும். நான் நின்று பார்த்திருப்பேன். எல்லா இணைப்பும் ஒரேயடியாக அறுந்தது. எனக்கு வேண்டிய அல்பம் திறந்தது, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பொடியன் வந்து பார்த்தால் திரையில் ஏதோ பெட்டி. ஸ்கிப், எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று அழுத்தியிருக்கிறான். ஜன்னல் மூடிக்கொண்டது. கொப்பி முடிந்தது என்று நினைத்தான். விடியப் பஞ்சாயத்து இல்லாமல் கார்டைக் கமராவில் போட்டு ஃபோமட் பண்ணி அடுத்த கலியாணத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது பதினொரு கிளிப் இல்லை. அதற்குள்தான் பெண்ணின் அம்மம்மா அறுகரிசி போடுவது இருந்தது. தொண்ணூறு வயதுக்குக் கிட்ட. இரண்டு பேர் தாங்கித்தான் மணவறைக்கு ஏற்றினார்கள். கை நடுங்கி, அறுகரிசியில் பாதி மாப்பிள்ளையின் தலைக்குப் போகாமல் என் லென்ஸ் பக்கம் விழுந்தது. அந்தக் காட்சியை எடுத்தது நான். மற்றக் கமரா அந்த நேரம் வாசலில் நின்றது.

இப்படி ஒரு கொமாண்ட் அடித்து மனம் ஆறாமல் இருக்கிறவர்கள் எழுதுங்கள்.

கல்முனை பில்லிங்

ஸலாம், வணக்கம். உங்களுடையதை வாசித்துக் கஷ்டமாகப் போய்விட்டது. என்னுடையது உடுப்புக் கடை.

2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அதற்குப் பின்னால் வந்த நோன்பு. வெட்டு குறைந்திருந்ததே தவிர நிற்கவில்லை. தராவீஹ் முடிந்து சனம் கடைக்கு வருகிற நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. பில் போடுகிற கம்பியூட்டர்கள் ஒரு நிமிஷத்தில் எழும்பிவிட்டன. நாஸ் டிஸ்க்கைச் சோதித்துச் சோதித்து ஐந்து நிமிஷத்துக்குப் பிறகுதான் எழும்பியது. அதற்குள் எல்லா கம்பியூட்டரிலும் இசட் டிரைவில் சிவப்புப் புள்ளடி. நான் வீட்டில். கேஷியர் தம்பி போன் எடுத்தான். சரி, சிஎம்டியை (கொமாண்ட் அடிக்கிற கறுப்புத் திரை) திற, நான் சொல்லச் சொல்ல அடி என்றேன்.

"நானா, கோடு எந்தப் பக்கம் சாயணும்?"

இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஸ்லாஷ் இல்லை, பேக்ஸ்லாஷ். அவன் கேள்விக்குறிக்குக் கீழே இருக்கிறதையே திரும்பத் திரும்ப அடிக்கிறான். கடைசியில் "என்டர் பொத்தானுக்கு நேர் மேலே பார், அதை இரண்டு தரம்" என்றதும்தான் பிடிபட்டது. பிறகு எரர் 53. பாதையே இல்லை என்கிறது. ரவுட்டரும் புதிதாக எழும்பி நாஸுக்கு வேறு ஐபி (நெட்வேர்க் விலாசம்) கொடுத்திருக்கிறது, நான் பழைய ஐபியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நேரமெல்லாம் போனில் ஒரு தாயின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குப் பெருநாள் சட்டை எடுத்துவிட்டு நிற்கிறா. "வாப்பா வெளியில ஆட்டோவில நிக்கிறார், கெதியா போடுங்க." பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாவாம். அந்த அளவில் இருந்த கடைசிச் சட்டை அது. ஆள் யாரென்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

இப்போது நாஸுக்கு ரவுட்டரில் ஐபியைக் கட்டிவைத்திருக்கிறேன். நாஸ் பிங்குக்குப் பதில் சொல்லும் வரை காத்திருந்து, பிறகு நெட் யூஸ் அடிக்கிற ஒரு பேட்ச் ஃபைலும் போட்டிருக்கிறது.

வந்தாறுமூலை லினக்ஸ்

கல்லடி அண்ணன், குறை நினைக்க வேண்டாம். ஸ்லாஷ் வையின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நெட்வேர்க் கேபிள் கழன்றிருந்தாலும், கரண்ட் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கொப்பி சரியாகப் போனதா என்று எண்ணிப் பார்க்காமல் கார்டை ஃபோமட் பண்ணியதுதான் காரணம்.

என்னுடைய கதை சின்னது. வேலை செய்த இடத்தில் ஐஸ்கஸி டார்கெட் ஒன்று, அதாவது நெட்வேர்க் வழியாக இணைக்கிற சேமிப்பு இடம், இருந்தது. முதல் மெஷினில் அது ஏற்கெனவே மவுண்ட் ஆகி, அதாவது இணைந்து பாவனையில், இருக்கிறது. நான் இரண்டாவது மெஷினில் ஐஸ்கஸி-ஏடிஎம் என்கிற கொமாண்டில் டிஸ்கவரி அடித்தேன், டார்கெட் வந்தது. லொகின் கொடுத்தேன், புது டிஸ்க்காகத் தெரிந்தது. மவுண்ட் பண்ணினேன், ஃபைல் எல்லாம் தெரிந்தது. ஷேர் ஃபோல்டர் மாதிரித்தானே என்று நினைத்தேன். இருபது நிமிஷம் கழித்து முதல் மெஷினில் எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டுகிற கொமாண்ட்) அடித்தால், அளவும் திகதியும் வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். திரை முழுக்கக் கேள்விக்குறி. இப்போதும் எங்கேயாவது வரிசையாக அந்தக் குறியைப் பார்த்தால் வயிறு சுருங்கும். ஐஸ்கஸி கொடுப்பது ஷேர் இல்லை, வெறும் டிஸ்க். ஈஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டத்தை இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் எழுதினால், ஒன்று எழுதுவது மற்றதுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து தின்றுவிடும்.

அண்ணனுக்குச் சில விஷயங்கள். முதலில் வெறும் நெட் யூஸ் அடித்து என்னென்ன இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஓகே, டிஸ்கனெக்டட், அன்அவைலபிள் என்று நிலையும் காட்டும். பிறகு வேண்டாத எழுத்தை மட்டும், எக்ஸ் என்றால் எக்ஸை மட்டும் டிலீட் கொடுங்கள். ஸ்டாரைத் தொடவே வேண்டாம். 1219 வந்தால் அறுக்கத் தேவையே இல்லை: இசட்டை நாஸின் பெயரில் இணைத்திருந்தால், மற்ற ஷேரை ஐபியில் இணையுங்கள். விண்டோஸ் அதை வேறு சேர்வர் என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம், இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணுவதை விட்டுவிட்டு விண்டோஸோடு வருகிற ரோபோகொப்பி என்கிற கொமாண்டுக்கு மாறுங்கள். இணைப்பு அறுந்தால் அது பெட்டி காட்டி ஸ்கிப்பா என்று கேட்காது. தன் பாட்டில் 30 விநாடி நின்று மறுபடி முயலும், ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் தரம் வரை. விடிய வந்து பார்த்தாலும் அங்கேயே நின்றிருக்கும், நீங்கள் இசட்டைத் திரும்ப இணைத்தவுடன் தொடர்ந்திருக்கும். முடிவில் எத்தனை ஃபைல் போனது, எத்தனை போகவில்லை என்று கணக்கும் தரும். கடைசியாக, இரண்டு இடத்தில் கொப்பி இருக்கிறது என்று கண்ணால் காணும் வரை கார்டைக் கமராவுக்குள் போட விடாதீர்கள். பொடியனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், ஏச வேண்டாம்.

வாவிக்கரை

லினக்ஸ் தம்பி, அவர் பாடம் கேட்கவில்லையே. மனம் ஆறவில்லை என்றுதான் எழுதினார். சொன்னது எல்லாம் சரி, ஆனால் முதல் பந்தியை வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவள், கம்பியூட்டர் ஆள் இல்லை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மார்கழி மழை. எல்லாரும் போய்விட்டார்கள், மறுநாள் ஆடிட். டிரைவ் மெதுவாகத் திறக்கிறது என்று, முன்பு ஒருவர் காட்டித் தந்த மாதிரி சிஎம்டியைத் திறந்தேன். வலது கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற என்று இருந்தது, அதுதான் முறை என்று நினைத்து அதைக் கொடுத்தேன். நெட் யூஸ் அடித்தேன்.

பட்டியலில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நான் அதை எப்படி வாசித்தேன் தெரியுமா? டிரைவில் ஒன்றும் இல்லை என்று. மூன்று வருஷக் கணக்கு.

பெரியவருக்கு அழைத்து "சேர், எல்லாம் அழிந்துபோய்விட்டது" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் களுவாஞ்சிக்குடியிலிருந்து அந்த மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரெயின்கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடியே மவுஸைப் பிடித்து இசட்டைத் திறந்தார். எல்லாம் இருந்தது. ஒரு வார்த்தை ஏசவில்லை. "சரி மிஸ், வீட்ட போங்க" என்றார். அவருக்கு அடுத்த கிழமை முழுக்கக் காய்ச்சல்.

அந்தக் கறுப்புத் திரை ஏன் அப்படிச் சொன்னது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. யாராவது எளிமையாகச் சொல்லித் தந்தால் நல்லது.

வந்தாறுமூலை லினக்ஸ்

அக்கா சொன்னது நியாயம். கல்லடி அண்ணன், மன்னிக்க வேண்டும்.

அக்கா, நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. விண்டோஸில் ஒரே ஆளுக்கு இரண்டு முகம் உண்டு, சாதாரண முகம் ஒன்று, அட்மினிஸ்ட்ரேட்டர் முகம் ஒன்று. நீங்கள் காலையில் சாதாரண முகத்தில் இணைத்த டிரைவ், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த சிஎம்டிக்குத் தெரியாது. அது தன் பட்டியலைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றது. டிரைவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள் லிங்க்ட் கனெக்ஷன்ஸ்' என்று ஒன்றைப் போட்டால் இரண்டு முகமும் ஒரே பட்டியலைப் பார்க்கும், ஆனால் அது உங்கள் ஐடி ஆள் செய்ய வேண்டியது. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: சிஎம்டியைச் சாதாரணமாகத் திறவுங்கள்.

அக்கரைப்பற்று வகுப்பு

கல்முனை நானா பேட்ச் ஃபைல் என்றதும் எழுத வேண்டும் போல இருந்தது. நானும் போட்டிருந்தேன். பதினெட்டு கம்பியூட்டர், பிள்ளைகள் வந்து இரட்டைக் கிளிக் பண்ணினால் டிரைவ் வந்துவிடும். அதற்குள் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே எழுதியிருந்தது.

ஒரு நாள் புரஜெக்டரில் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பேட்ச் ஃபைலைத் தவறுதலாக எடிட்டில் திறந்துவிட்டேன். சுவர் முழுக்க பாஸ்வேர்ட். என் மகளின் பெயரும் பிறந்த வருஷமும். யாரும் சிரிக்கவில்லை. பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மெதுவாக, "சேர், அது எங்களுக்கு முந்தியே தெரியும்" என்றது. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மார்க்ஸ் போடுகிற ஃபோல்டரும் அதே பாஸ்வேர்டில்தான் இருந்தது.

அன்றிரவே மாற்றினேன். இப்போது பாஸ்வேர்ட் வருகிற இடத்தில் வெறும் ஸ்டார் போடுகிறேன். அப்படிப் போட்டால் நெட் யூஸ் நின்று கேட்கும், அடிக்கிறதும் திரையில் தெரியாது. அந்தப் பிள்ளை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

திருக்கோவில் கடைக்காரன்

நான் இவ்வளவு எழுத ஆள் இல்லை. பழைய நாஸ், புது விண்டோஸ், எரர் 53 வந்தது. எஸ்எம்பி 1ஐ (நெட்வேர்க்கில் ஃபைல் பகிர்கிற பழைய முறை) ஆன் பண்ணினேன், சரியாகிவிட்டது. எல்லாரும் அதையே செய்யுங்கள்.

வந்தாறுமூலை லினக்ஸ்

தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வன்னாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1இன் ஓட்டையால்தான். அதே வருஷம் விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசொஃப்டே அதைப் புதிதாகப் போடுவதை நிறுத்தியது. கடை அண்ணன், முதலில் நாஸின் செட்டிங்ஸுக்குள் போய் எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் ஃபேம்வேரை, அதாவது பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளை, புதுப்பித்தாலே வந்துவிடும். அதுவும் இல்லை என்றால் அந்தப் பெட்டியை இன்டர்நெட் இல்லாத ஒரு கம்பியூட்டரோடு மட்டும் வைத்திருங்கள். உங்கள் கடனாளிக் கொப்பி முழுக்க அதற்குள்தானே இருக்கிறது.

திருக்கோவில் கடைக்காரன்

ஓம் தம்பி, அதற்குள்தான். நாளைக்குப் பார்க்கிறேன். படம் எடுத்துப் போடவா?

வந்தாறுமூலை லினக்ஸ்

போடுங்கள் அண்ணன். பாஸ்வேர்ட் தெரியாமல் எடுங்கள்.

கல்முனை பில்லிங்

கல்லடி நானா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஃபோமட் பண்ணிய கார்டில் இருந்து எடுத்துப் பார்க்கவில்லையா? கமராவில் ஃபோமட் பண்ணினால் பெரும்பாலும் பட்டியல்தான் போகும், படம் உள்ளே இருக்கும் என்பார்களே.

கல்லடி ஸ்டூடியோ

லினக்ஸ் தம்பி, மன்னிப்பு எல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்ன பிறகு ரோபோகொப்பி போட்டுப் பார்த்தேன். கொப்பி நடுவில் நானே கேபிளைக் கழற்றினேன். நின்றது, திரும்பச் சொருகியதும் போனது. பொடியன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவனை நான் ஏசவில்லை. அவன்தான் இன்னும் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை.

கல்முனை நானா, எடுத்துப் பார்த்தேன். ஃபோட்டோரெக் என்கிற மீட்பு மென்பொருள் இரவு முழுக்க ஓடியது. ஆனால் அடுத்த கலியாணத்தை அதே கார்டில் எடுத்துவிட்டோமே, மேலால் எழுதிவிட்டது. பதினொன்றில் மூன்று வந்தது. ஒன்று சாப்பாட்டுப் பந்தி. ஒன்று திறக்கவே இல்லை. மூன்றாவதில் நாலு விநாடி மட்டும் ஓடுகிறது: அம்மம்மாவின் கை, வெற்றிலைத் தட்டத்தில் இருந்து அறுகரிசியை அள்ளுகிறது. முகம் இல்லை, போடுவதும் இல்லை, அள்ளுவது மட்டும்.

அதைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெண்ணின் தாய் ஒன்றும் பேசாமல் டிவியில் போட்டுப் பார்த்தா. நாலு விநாடி முடிந்ததும் ரிமோட்டை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து போட்டா. நான் வெளிக்கிட்டு வாசலுக்கு வரும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது.