மறு: பொசிஷனல் – நிலைவினையா, கோலவடியா?

> 'நிலைவினை' எளிதாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எளிதுதான், ஆனால் 'வினை' இடிக்கிறது. ஒரு பொருளின் வடிவத்தையும் அது இருக்கும் நிலையையும் சேர்த்துச் சொல்லும் வேர்களைத்தான் மொழியியலில் 'பொசிஷனல்' (positional) என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ட்செல்தாலைப் பாருங்கள். இந்த மாயன் மொழியில் இடத்தைச் சுட்ட 'த' என்ற ஒரே முன்னுருபுதான் (பெயருக்கு முன்னால் வரும் உருபு). மேல், உள், அருகு எல்லாம் அதற்குள் அடக்கம். வாயகன்ற கிண்ணம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் 'பச்சல்', உயரமான பாத்திரம் நின்றால் 'வஷல்'. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டால் சொல்லே வேறு. எந்த வடிவம், எப்படி இருக்கிறது என்று சொன்ன பிறகு, மேலேயா உள்ளேயா என்பது பெரும்பாலும் கேட்பவருக்கே புரிந்துவிடும்.

இப்படிப்பட்ட வேர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை தனித்து வருவதில்லை. வேரின் உயிரையே திரும்பச் சொல்லும் '-ல்' விகுதி (பச்-அல், வஷ்-அல்) ஒட்டினால் இருக்கும் கோலம். வேறு விகுதி ஒட்டினால் அந்தக் கோலத்துக்கு வருவது அல்லது அப்படி வைப்பது. பெயரடியிலும் சேராமல் வினையடியிலும் சேராமல் மாயன் இலக்கணங்கள் தனி வகுப்பாக வைத்திருப்பதை நாம் ஏன் வினை என்று முடிக்க வேண்டும்? அதனால்தான் 'கோலவடி'. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நின்ற, இருந்த, கிடந்த கோலம் தெரியும். வாசல் கோலம் குறுக்கே வருமே என்றால், வரட்டும். மொழியியல் கட்டுரையில் யாரும் குழம்பமாட்டார்கள்.

நகர்வைச் சொல்லும் வினைகளுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. 'ஓச்' நுழைதல், 'லோக்' வெளியேறுதல். இரண்டோடும் 'த நா' (நா என்றால் வீடு) மாறாமல் வரும். நமக்கு 'வீட்டுக்குள்', 'வீட்டிலிருந்து' என்று உருபு மாறுகிறது, அங்கே வினையே திசையைச் சொல்லிவிடுகிறது. 'திசைவினை' போதும்.

அப்புறம், 'த ஸ்பத் நா'. நேர்ப்பொருள் வீட்டின் முதுகில், அதாவது வீட்டுக்குப் பின்னால். இதில் வரும் 'ஸ்பத்' போன்ற சொல்லை உருபு என்றே சொல்லலாம் என்பவர்கள் நன்னூலைக் காட்டுகிறார்கள். இடத்தைச் சுட்டும் ஏழாம் வேற்றுமைக்கு அது அடுக்கும் 28 உருபுகளில் கண், கால், தலை, வாய் என்று உடலுறுப்புப் பெயர்களும் இருப்பது உண்மைதான். ஆனால் 'ஸ்பத்'தில் உள்ள 'ஸ்' என்பது 'அதன்' என்னும் உடைமை முன்னொட்டு. அது ஒட்டியிருக்கும்வரை பெயர்தான். 'உருபுப்பெயர்' என்றால் இரு தரப்புக்கும் சரிவருமா?

'கோலவடி' என்று சேர்த்து எழுதுவதா, 'கோல அடி' என்று பிரிப்பதா என்பதையும் சொல்லுங்கள். பெயரடி, வினையடி வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் என் வாக்கு சேர்ப்பதற்கே.